அம்மா வைக்காத மூன்று புள்ளிகள்

“…இல்ல கண்ணு, அது அக்கா கைதான். அக்கா கை எனக்குத் தெரியாதா? பெத்தவ போன துக்கத்துல நீ என்னென்னமோ பேசற” என்றாள் சித்தி.

அன்று அம்மாவின் கருமாதி. ஆண்கள் எல்லாரும் ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்கள். மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டின் ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், நானும் சித்தியும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். சித்தி பக்கத்தில் காந்தலூரிலிருந்து கையோடு கொண்டுவந்த தண்ணீர் பாட்டில். இதைச் சொல்லிவிட்டு அவள் அடுத்து என்ன செய்தாள் என்பதைக் கடைசியில்தான் சொல்ல முடியும். அதற்கு முன் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாதது.

நீங்களும் என் வயதுக்காரர்கள்தான். கேசட்டின் அடிப்பக்கத்தை வாயால் ஊதி, பாவாடையிலோ டவுசரிலோ துடைத்து, மறுபடி சொருகி, டிவியில் படம் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். அதனால் உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. இப்போது விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனாலும் அதுவே எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அன்றைக்கு அந்த வேலை நம் தலையில்தான் இருந்தது.

எனக்குப் பதினொரு வயது. முழுப்பரீட்சை முடிந்த கோடை. சித்தப்பா தன் சிநேகிதர் வீட்டில் சும்மா கிடந்த ஒரு டிவி கேம் பெட்டியை லீவு முடியும்வரை இரவல் வாங்கி வந்தார். சாம்பல் நிறம். இரண்டு கைப்பிடிகள். அதில் ஒன்றில் சிவப்புப் பொத்தான் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், நகத்தால் நெம்பி வெளியே எடுக்க வேண்டும். அரை மணி ஓடினால் பெட்டி சூடாகி, சுடுகிற ரப்பர் வாசனை வரும். சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் கேசட் மாற்றித் தருவார்கள். ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்று. இந்த விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் கெட்டது அதில்தான்.

வாள் பிடித்த ஒரு வீரன். அவன் கதை மூன்று பாகமாக வந்திருந்தது. முதல் பாகத்தை நானும் அண்ணனும் ஒரு வாரத்தில் முடித்தோம். இரண்டாம் பாகத்தில் நான்கு மலைகள். நான்காவது மலையின் உச்சியில் ஒரு கயிற்றுப் பாலம். வீரன் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பாலம் அறுந்து அவனுடைய தங்கச்சி கீழே விழுந்துவிடுவாள். அப்புறம் பெரிய ராட்சதனோடு சண்டை. ஜெயித்தால் வீரன் ஒரு பாறைமேல் தனியாக நிற்பான், போர்வை காற்றில் ஆடும், எழுத்து ஓடும். அவ்வளவுதான். நாங்கள் குதித்தோம்.

கதவோரமாகப் பூக்கட்டிக்கொண்டிருந்த சித்தி கேட்டாள், “அந்தப் புள்ள என்னாச்சு?”

“வுளுந்துருச்சுங்க சித்தி.”

“அதெப்படி? கூடப் பொறந்தவன் எறங்கிக்கூடப் பாக்க மாட்டானா?”

“அது அப்படித்தானுங்க. எத்தன தடவ ஆடுனாலும் அவ வுளுவா” என்றான் அண்ணன், பெரிய மனுஷன் மாதிரி.

சித்தி பூவைக் கீழே வைத்தாள். “எங்க, குடு பாக்கலாம் அதைய.”

சித்தி அந்த வீட்டுக்கு வாழ வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. அவளும் அம்மாவும் ஓரகத்திகள் மாதிரி இருக்க மாட்டார்கள். அம்மா கறக்கிற மாட்டுக்குச் சித்தி கன்றைப் பிடிப்பாள், சித்தி கறக்கிற மாட்டுக்கு அம்மா பிடிப்பாள். ஒருத்தி பேச ஆரம்பித்ததை இன்னொருத்தி முடிப்பாள். காலைப் பால் சொசைட்டிக்குப் போய், சமையலும் முடிந்தால், பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை சித்திக்கு ஓய்வு. அந்த நான்கு மணி நேரத்தை அந்தக் கோடையில் அவள் வீரனுக்குக் கொடுத்தாள்.

நாங்கள் ஆடியதும் அவள் ஆடியதும் ஒன்றல்ல. நாங்கள் முடிப்பதற்காக ஆடினோம். அவள் பார்ப்பதற்காக ஆடினாள். ஒரு வௌவால் எந்த மூலையிலிருந்து வரும், வருவதற்கு முன் என்ன சத்தம் கேட்கும், எல்லாம் அவளுக்குத் தெரியும். “மாடு காலத் தூக்கறதுக்கு மின்ன தோலு ஒரு சிலுப்பு சிலுப்பும் பாரு, இவனும் அப்படித்தான்” என்று சொல்லி, எதிரி வாளை ஓங்குவதற்கு முன்பே ஒதுங்கிவிடுவாள். கஷ்டமான ஒரு தாண்டலுக்கு அடுத்தபடி எப்போதும் உயிர் ஏற்றுகிற ஒரு குடம் இருக்கும். நாங்கள் அதை எடுத்துக்கொண்டு ஓடினோமே தவிர கவனித்ததில்லை. சித்தி சொன்னாள், “ஓட வுட்டு அடிச்சுப்போட்டு, அப்பறம் ஒரு வாய் தண்ணி குடுக்கறான் பாரு. இதையச் செஞ்சவன் வெவரமானவன்.” முதல் பாகத்தில் நாங்கள் நூறு தடவை விழுந்த பள்ளம் இரண்டாம் பாகத்திலும் அதே இடத்தில் வந்தது. இந்தத் தடவை அதன்மேல் ஒரு பலகை கிடந்தது. அதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “நம்மள நெனச்சு வெச்சிருக்கான்டி!”

ஒரு தடவை முடித்தால் விளையாட்டு மறுபடி முதல் மலையிலிருந்து தொடங்கும். வானம் மட்டும் சிவப்பாகியிருக்கும், எதிரிகள் வேகமாக வருவார்கள். எங்களுக்கு அது அலுப்பு. “பாத்ததே தானுங்க சித்தி” என்றோம்.

“மொதத் தடவ நம்ம பயம் ஆடுது. ரெண்டாந் தடவதான் நாம ஆடறோம்” என்றாள்.

அந்தச் சிவப்பு வானத்தில்தான் அவள் கதவைக் கண்டுபிடித்தாள். முதல் மலைப் பாறையில் ஒரு கதவு. எங்கள் ஆட்டத்திலும் அது இருந்தது, திறக்காது. இப்போது அதன் இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம்.

“சும்மா அழகுக்கு வரஞ்சதுங்க” என்றான் அண்ணன்.

“அழகுக்கு வரையறவன் தாப்பாள எதுக்கு வரையறான்? தொறக்காத கதவுக்குத் தாப்பாள் எதுக்கு?”

அந்தக் கதவு வழியாகப் போனால் பாலத்துக்கு அடியில் போய் நிற்கலாம், விழுகிறவளைப் பிடித்துவிடலாம் என்று சித்தி முடிவு கட்டிவிட்டாள். முதல் மூன்று மலையையும் சிவப்பு வானத்தில் ஜெயித்தால் சாவி வரும், அதோடு திரும்பி வந்து கதவைத் திறக்கலாம் என்பது அவள் கணக்கு. அவளுக்கு நாள் குறைவாக இருந்தது. சித்தப்பா காந்தலூரில் பூண்டு போட நிலம் பேசியிருந்தார். பள்ளிக்கூடம் திறக்கும்போது இருவரும் மலையேறிவிடுவார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த வீட்டில் கரண்டே கிடையாது. “போறதுக்குள்ள அந்தப் புள்ளையப் புடிச்சு மேல ஏத்திப்போட்டுப் போயிருவேன்” என்று சாணி அள்ளும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருப்பாள். அப்பா சிரிப்பார். “சின்னவளுக்கு டிவிப் பொட்டில இருந்து பேய் புடிச்சிருச்சு.”

ஒவ்வொரு மலை முடிந்ததும் திரையில் ஒரு கட்டம் வரும். ஐந்துக்கு ஐந்து. சில கட்டங்களில் உருண்டை இருக்கும், சிலது காலி. அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் அதே மாதிரி உருண்டைகளை வைத்தால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். ஒன்று பிசகினாலும் ஏற்காது. என் நோட்டில் எழுதியது இரண்டு தடவை தப்பிப்போனது. எங்கள் கரண்டோ எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சித்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். அரைத்த அரிசி மாவைக் கொட்டாங்குச்சியில் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். கட்டம் வந்ததும் டிவிக்கு முன்னால் சிவப்புத் தரையில் துணியால் மாவைத் தொட்டு அப்படியே புள்ளி வைத்துவிடுவாள். மாக்கோலம் காய்ந்தால் நாலு நாள் நிற்கும்.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. அம்மா கோலப் பைத்தியம். பால் கொண்டுபோகிற வழியில் யார் வாசலிலாவது ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால், தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து அதை நிரப்பிவிட்டுத்தான் நகர்வாள்.

“ஏம்புள்ள, பல்லு வுளுந்த வாயாட்டம் என்ன கோலம் இது? பாக்கப் பாக்கக் கையி அரிக்குது.”

“அதையத் தொட்றாதீங்க அக்கா. அது அடையாளம்.”

ஒருநாள் பேசிக்கொண்டே அம்மா ஒரு காலி இடத்தில் புள்ளி வைத்தேவிட்டாள். சித்தி கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கட்டுத்தரையில் மாடு மிரண்டது. ஈரம் காய்வதற்குள் சித்தி அதைத் துடைத்தாள். “இது அக்கா புள்ளி, வாலு வெச்ச புள்ளி” என்றாள். அம்மா மாவை மோதிர விரலில் இறக்கி, கையை எடுக்கும்போது இடப்பக்கமாக ஒரு சின்ன இழுப்பு இழுப்பாள். புள்ளிக்கு எலிவால் மாதிரி ஒரு வால் வரும். கை பிடித்து எனக்குக் கோலம் சொல்லிக்கொடுத்தது அம்மா. என் புள்ளிக்கும் அதே வால்.

மூன்றாம் பாகத்தின் அட்டையில் வீரன் குதிரைமேல் இருந்தான். கடையில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கும் அண்ணனுக்கும் தூக்கமில்லை. இரண்டாம் பாகத்தைக் கொடுத்தால்தான் அது வரும். சித்தி கொடுக்க மாட்டாள். “இருங்கடா, நாலே நாளு” என்பாள். லீவில் மிச்சமிருந்ததோ பத்து நாள்.

அன்று மத்தியானம் அவள் சிவப்பு வானத்தில் மூன்றாவது மலையை முடித்தாள். சாவி வந்தது. கட்டம் வந்தது. புள்ளி வைத்தாள். பால் கறக்கிற நேரமாகிவிட்டது. “நாளைக்குப் பாருங்க, கதவு எப்படித் தொறக்குதுன்னு” என்று கன்னமெல்லாம் சிவந்து, பால் செம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

எல்லாரும் கட்டுத்தரையில் இருந்தார்கள். கொட்டாங்குச்சியில் மிச்ச மாவு இருந்தது. நான் துணியை நனைத்து, காலியாக இருந்த மூன்று இடத்தில் மூன்று புள்ளி வைத்தேன்.

அம்மாவை மாட்டிவிட நினைக்கவில்லை என்று எழுதத்தான் எனக்கு ஆசை. விளையாட்டு நின்றுபோக வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்ததாகத்தான் நெடுநாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். ஆனால் கையை எடுக்கும்போது வாலை இழுத்தேன். பழக்கத்தில் இழுத்தேனா, வேண்டுமென்றே இழுத்தேனா என்று கேட்டால், இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும்போதே என் முகம் எனக்குச் சுடுகிறது.

அடுத்த நாள் சித்தி தரையைப் பார்த்துப் பார்த்து உருண்டைகளை வைத்தாள். ஏற்கவில்லை. மறுபடி வைத்தாள். ஏற்கவில்லை. ஒவ்வொரு புள்ளியாக எடுத்துப் பார்த்தாள். மூன்று தப்பு இருக்கும்போது ஒன்றொன்றாக எடுத்து என்ன ஆகும்? சாயங்காலம் நெருங்கியபோது தரையில் முகம் படுகிற மாதிரிக் குனிந்தாள். எழுந்தபோது அவள் முகம் வேறு முகம்.

“இத யாரு தொட்டது?”

அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது.

“அக்காதானே?”

நான் தலையை ஆட்டினேன். கீழும் மேலுமாக, ஒரே ஒரு தடவை. என் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை, பாருங்கள்.

அம்மா மடியில் பருத்திக்கொட்டையோடு உள்ளே வந்தாள். சித்தி கேட்டாள், “ஏனுங்க அக்கா, அத்தன சொல்லியும் கையி நிக்கலைங்களா உங்களுக்கு?”

“என்ன புள்ள? நான் எங்க தொட்டேன்?”

“வாலு இருக்குதுங்க. உங்க வாலு. அடுத்தவ வெச்சதை வெச்சபடி வுடவே தெரியாதுங்களா?”

செய்யாத குற்றத்தைத் தலையில் போட்டால் நல்லவர்கள் வாயிலும் என்ன வரும் என்று சொல்ல முடியாது. வந்தது. “ஒரு புள்ளிக்கு இந்தக் குதி குதிக்கற. பெத்து வளத்தறவளுக்கு ஆயிரம் வேல. பெறாதவளுக்குத்தான் பொம்மை வுளுந்ததுக்கு அளுகறதுக்கு நேரம்.”

டிவியில் அந்தத் தொடக்கப் பாட்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. சொன்ன மறுநொடி அம்மா தன் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சித்தி அதைப் பார்க்கவில்லை. கைப்பிடியைத் தரையில் மெதுவாக வைத்தாள்.

“இனி இந்த ஊட்டுல நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டனுங்க அக்கா.”

வால் வைத்த மூன்றையும் எடுத்துவிட்டால் கட்டம் ஏற்றிருக்கும், ஆனால் சித்தி அதற்கப்புறம் அந்தக் கைப்பிடியைத் தொடவே இல்லை. இரண்டாம் நாளே காந்தலூருக்குப் போய்விட்டார்கள். கேசட் எங்கள் கைக்கு வந்தது. நானும் அண்ணனும் பஸ் ஏறிப் போய் மூன்றாம் பாகத்தை மாற்றிக்கொண்டு வந்தோம். ஊதி, துடைத்து, சொருகினோம். அட்டையில்தான் குதிரை. உள்ளே இருந்தது முதல் பாகம். அதே பள்ளம், பலகையில்லாமல்.

பெரியவர்கள் இதை வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். சித்தி கொண்டுபோக ஆசைப்பட்ட செவலை மாட்டை அம்மா தர மறுத்ததால்தான் இந்தச் சண்டை என்று அப்பா தீர்மானித்தார். ஒரு புள்ளிக்காக இரண்டு பொம்பளைகள் பிரிவார்கள் என்று அவரால் நம்ப முடியவில்லை. மாட்டை வண்டியில் ஏற்றி மலைக்கு அனுப்பினார். சித்தி அதற்குத் தண்ணி காட்டி, அதே வண்டியில் திருப்பி அனுப்பினாள். “பாத்தியா, எவ்வளவு வீராப்பு” என்று அப்பா சாகும்வரை சொன்னார். எட்டு வருடம் கழித்துச் சித்திக்கு ஒரு பெண் பிறந்தாள். அம்மா ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கித் துணியில் முடிந்து பீரோவில் வைத்திருந்தாள். கொடுத்தனுப்பவில்லை. அது இப்போதும் பீரோவில்தான் இருக்கிறது, கறுத்துப்போய்.

அந்த நாளுக்கப்புறம் அம்மா யார் கோலத்திலும் கை வைக்கவில்லை. “அக்கா, வந்து இதப் பாருங்க” என்று யாராவது கூப்பிட்டால், இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, “நல்லாத்தான் இருக்குது” என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவாள்.

படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில் ஒருநாள் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “அன்னைக்கு நான் தொடலைன்னு உனக்குத் தெரியுமல்ல கண்ணு? நீ அங்கதான இருந்த?”

நான் சொன்னேன், “எனக்கு ஞாபகமில்லைம்மா.”

சீப்பில் சிக்கிய முடியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே நான் எழுந்துபோய்விட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமானது அந்த மூன்று புள்ளி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை, இதுதான்.

இனிக் கருமாதி நாளுக்கு வருகிறேன். அந்தப் பழைய விளையாட்டை யாரோ ஒரு முகம் தெரியாத ஆள் முழுவதுமாக ஆடிப் படம்பிடித்துப் போட்டிருந்ததைச் சில மாதம் முன்பே போனில் பார்த்து வைத்திருந்தேன். ஆசாரத்தில் யாருமில்லாதபோது அதைச் சித்தியிடம் காட்டினேன். சிவப்பு வானம். பாறை. சாவி. கதவு திறந்தது. உள்ளே ஒரு சரிவு, அதன் முடிவில் பாலத்தின் அடிப்பக்கம். மேலே கயிறு அறுந்தது. தங்கச்சி விழுந்தாள், வீரன் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டான். கடைசியில் பாறைமேல் இரண்டு பேர் நின்றார்கள்.

அறுபதைத் தொடப்போகிற சித்தி, சாவு வீடு என்பதை மறந்து தொடையில் அடித்துக்கொண்டாள். “தொறக்குது பாரு! நான் சொன்னனா இல்லையா? தாப்பாள் போட்டிருந்தானே!” கண்ணில் தண்ணீர். “அக்கா இருந்திருந்தா காட்டியிருக்கலாம்.”

அந்த வார்த்தைக்கப்புறம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். கேசட், குதிரை, கொட்டாங்குச்சி, மூன்று புள்ளி, தலையாட்டியது, எல்லாம். அதற்குத்தான் அவள் அப்படிச் சொன்னாள், அது அக்கா கைதான், அக்கா கை தனக்குத் தெரியாதா என்று. முப்பது வருடம் பிடித்துவைத்த கோபத்தை நான் அவள் கையிலிருந்து பிடுங்குவதாக நினைத்திருப்பாள்.

நான் வாதாடவில்லை. உள்ளே போய் அரிசி மாவைக் கரைத்துத் துணியோடு கொண்டுவந்தேன். அந்தச் சிவப்புத் தரை அப்படியேதான் இருக்கிறது. அவளுக்கு முன்னால் குந்தி, மோதிர விரலில் மாவை இறக்கி, மூன்று புள்ளி வைத்தேன். ஒவ்வொன்றிலும் கையை எடுக்கும்போது வால் தானாக இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. நான் ஒன்றும் செய்யவில்லை.

சித்தி மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். நடுப்புள்ளியின் வாலை ஆள்காட்டி விரலால் தொட்டு, விரலில் ஒட்டிய மாவைப் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தன் பாட்டிலை எடுக்கவில்லை. புள்ளிகளை மிதிக்காமல் சேலையைத் தூக்கிப் பிடித்து, சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அம்மாவின் பித்தளைச் செம்பைப் பானைக்குள் விட்டு மொள்கிற சத்தம் கேட்டது. வாசற்படியிலிருந்து பார்த்தேன். அண்ணாந்து, மூச்சு விடாமல், செம்பு காலியாகும்வரை குடித்தாள். மறுபடி ஒரு செம்பு மொண்டு, கொண்டுவந்து, மாலை போட்ட அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.